அத்தானின் கோதுகளுக்கு எந்த எண்ணெய்

சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளைக் கோதுக்கு எந்த மசகு நல்லது என்று இணையத்தில் தேடப் புகுந்தால் வெளியே வருவது கடினம். தேடத் தொடங்கிய கிழமையில் நான் ரயிலில் இரண்டு தரம் இறங்கவேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போனேன். ஒருவர் மெழுகு என்கிறார். இன்னொருவர் மெழுகு பூசுகிறவன் மூடன், சவர்க்காரம்தான் சரி என்கிறார். மூன்றாமவர் தன் தகப்பன் காலத்திலிருந்து வாகன எண்ணெய்தான், ஒரு குறையும் இல்லை என்கிறார். கீழே அறுபது பேர் அவரைக் கிழித்துத் தொங்கவிடுகிறார்கள். எனக்கு இந்தச் சண்டைகள் எல்லாம் பிடித்திருந்தன. பல்கலைக்கழகத்தில் இரசாயனம் படித்த ஐந்து வருடத்தில் ஒருவரும் ஒரு திரவத்துக்காக இப்படி உயிரைக் கொடுத்துச் சண்டை பிடித்ததை நான் கண்டதில்லை.

விடயம் இதுதான். தோட்டா வெடிக்கும்போது அதன் பித்தளைக் கோது ரைபிளின் அறைச் சுவர்வரை உப்பிவிடும். அதே கோதில் மறுபடி மருந்து அடைத்துச் சுடவேண்டுமென்றால், முதலில் அதை ஓர் உருக்கு அச்சுக்குள் தள்ளிப் பழைய அளவுக்கு நெரிக்கவேண்டும். நெம்புகோல் உள்ள சிறு அழுத்தி ஒன்று இருக்கிறது, அதில் செய்வது. உலர்ந்த பித்தளையை உருக்குக்குள் தள்ளினால் பாதி வழியில் கவ்விக்கொள்ளும். பிறகு மேலேயும் போகாது, கீழேயும் வராது. அதனால்தான் மசகு. ஆனால் அது கூடினாலும் பிழை. அச்சுக்கும் கோதுக்கும் இடையில் சிக்கிய எண்ணெய்க்கு ஒதுங்க இடமில்லை. அது நெரிபடாது, பித்தளைதான் நெரிபடும். கோதின் தோளில், அதாவது உடல் ஒடுங்கிக் கழுத்தாகிற இடத்தில், குழி விழுந்துவிடும். ஆக, பூச்சு இருக்கவும் வேண்டும், இருப்பது தெரியவும் கூடாது.

இந்தக் கோதுகள் என் அத்தானுடையவை. அக்காவின் கணவர் லாஷப்பல் தமிழ்க் கடைத்தெருவில் கைபேசி திருத்தும் கடையில் வேலை செய்கிறவர். நாள் முழுக்க உருப்பெருக்கிக் கண்ணாடிக்குக் கீழே குனிந்திருந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் எபினே என்ற ஊருக்கு அப்பால் இருக்கும் துப்பாக்கி சுடும் கிளப்புக்குப் போய், இருநூறு மீற்றர் தள்ளி ஒரு கடதாசியைப் பார்ப்பதுதான் கண்ணுக்கு ஓய்வு என்பார். என்னையும் ஒருநாள் கூட்டிப்போனார். அன்றிலிருந்து ஒரு ஞாயிறுகூட நான் வீட்டில் இருந்ததில்லை. அவருடைய ரைபிள் நூறு வருடத்துக்கு மேற்பட்ட பிரெஞ்சு இராணுவத் துவக்கு. அதற்கான கோதுகள் கடையில் சும்மா கிடைப்பதில்லை. சொல்லி வைத்து, மாதக்கணக்கில் காத்திருந்து, நான்கும் ஐந்துமாகச் சேர்த்து, முப்பத்தாறு வைத்திருந்தார். அக்காவின் தாலிக்கொடி வந்த நகைக்கடைப் பெட்டியில், சிவப்பு வெல்வெற்றின் மேல் அவை அடுக்கப்பட்டிருந்தன. தாலிக்கொடி எங்கே இருந்தது என்று நான் கேட்கவில்லை.

தை மாதத்தில் பழைய ரைபிள்களுக்கான வட்டாரப் போட்டி. எங்கள் கிளப்பிலிருந்து மூன்று பேர் அணி. அத்தான் அதில் ஒருவர். ஆனால் அதற்குச் சற்று முன்புதான் அக்காவுக்குப் பெண்பிள்ளை பிறந்தது. அக்கா போகவேண்டாம் என்று சொல்லவில்லை. அவர்தான் பிள்ளையைக் கையில் வாங்கிய அன்றே என் பக்கம் திரும்பி, "மச்சாள், இந்த முறை நீ போ" என்றார்.

எனக்கு முதல் போட்டி.

"போட்டிக்கு முப்பது சூடு. கோது முப்பத்தாறு. ஆறு பழுதாகலாம்" என்றார் அத்தான். "ஏழாவது பழுதாச்சுதெண்டால் ரெண்டுபேரும் வீட்டிலை இருந்து பிள்ளையைத் தாலாட்டுவம்."

மருந்தும் அதைப் பற்றவைக்கும் மூட்டியும் கிளப்பில் பூட்டிய அலுமாரியில்தான் இருந்தன, நிரப்புகிற வேலையையும் அங்கேயே செய்வோம். வீட்டுக்கு வருவது கழுவிய வெறுங்கோதுகள் மட்டும். அவற்றை நெரிக்கும் வேலையைக் கட்டடத்தின் நிலவறையில், எல்லோரும் கேவ் என்று சொல்லும் அந்த இருட்டுப் பொந்தில் வைத்திருந்தார் அத்தான். அக்காவின் காருக்கான குளிர்காலச் சில்லுகள், ஒரு மடித்த கட்டில், அரிசிச் சாக்கு, இவற்றுக்கு நடுவில் ஒரு பலகையில் அழுத்தியைப் பூட்டியிருந்தார். விளக்கு சில நிமிடத்துக்கு ஒருமுறை தானாக அணைந்துவிடும். யாராவது எழுந்துபோய் பொத்தானை அமுக்கவேண்டும். குளிரோ எலும்பில் ஏறும்.

முதல் சோதனைக்கு நான் கிளப்பிலிருந்து அடியில் கொஞ்சம் மிச்சமிருந்த ஒரு ஸ்ப்ரே போத்தலைக் கொண்டுவந்திருந்தேன். அத்தான் வீட்டுக் குளியலறையிலிருந்து தேங்காய் எண்ணெய்ப் போத்தலைக் கொண்டுவந்திருந்தார்.

"என்ன அத்தான் இது, தலைக்கு வைக்கிறதெல்லோ?"

"தலைக்கும்தான். கதவுப் பிணைச்சலுக்கும்தான். அம்மா தையல் மிசினுக்கும் இதைத்தான் விட்டவ. மிசின் இண்டைக்கும் ஓடுது."

"கிளப்பிலை கேட்டால் சிரிப்பினம்."

"தலையிலை மயிர் இருக்கிறவை சிரிக்கட்டும்" என்றார். கிளப்பில் அப்படி ஒருவரும் இல்லை.

அரிய கோதில் கை வைக்காமல், வேறு ரகத்துக் கழிவுக் கோதுகளில், அவற்றுக்குரிய அச்சைப் பூட்டிச் சோதித்தோம். ஸ்ப்ரே என் முறை. அடித்தேன், தள்ளினேன், கவ்விக்கொண்டது. அடித்த பிறகு அதில் உள்ள மதுசாரம் ஆவியாகிப் போகும்வரை காத்திருக்கவேண்டும் என்று போத்தலில் எழுதியிருந்ததாம். நான் அதைக் கோது சிக்கிய பிறகுதான் வாசித்தேன். சிக்கிய கோதைத் துளைத்து இழுத்தெடுக்க எங்களுக்குப் பின்னேரம் முழுக்கப் போனது. அத்தான் விளக்கு அணையும்போதெல்லாம் "பொத்தான்" என்று மட்டும் சொன்னார்.

தேங்காய் எண்ணெய் போத்தலுக்குள் வெள்ளையாக உறைந்திருந்தது. கரண்டிக் காம்பால் சுரண்டி, விரல்களுக்கு இடையில் தேய்த்து, அந்தக் கையால் கோதை ஒருதரம் உருட்டினார். மெல்லிய படலம், அவ்வளவுதான். நெம்புகோல் வெண்ணெயில் போவதுபோல் இறங்கியது. அடுத்தது, அதற்கடுத்தது, எல்லாமே அப்படி. ஒன்றிலும் குழி இல்லை, ஒன்றும் கவ்வவில்லை. நான் கட்சி மாறிவிட்டேன். படி ஏறும்போதே, அறுபது பேர் சண்டை பிடிக்கும் அந்த மன்றத்தில் என்ன எழுதலாம் என்று வசனம் யோசித்துக்கொண்டு வந்தேன்.

அரிய கோதுகளைச் செய்யவிருந்த அன்றைக்கு எங்கள் அம்மா வந்து நின்றா.

அம்மா ஸ்தேனில் இருக்கும் தன் வீட்டிலிருந்து, பேரப்பிள்ளையைக் குளிக்கவார்க்கவும் அக்காவுக்குப் பிள்ளைப்பேற்றுச் சரக்குக்கறி வைக்கவும் வந்து தங்கியிருந்தா. கேவுக்குள் தொலைபேசி எடுக்காது. பிள்ளை அழுதிருக்கிறது, அக்கா அழைத்திருக்கிறா, ஒருவரும் எடுக்கவில்லை. அம்மா வீட்டுச் சட்டைக்கு மேலே குளிர்க்கோட்டைப் போட்டுக்கொண்டு நான்கு மாடி இறங்கி வந்தா.

"தம்பி, பிள்ளை பிறந்த வீட்டிலை ஆம்பிளை நிலத்துக்குக் கீழையோ ஒளிச்சிருக்கிறது?"

"ஒளிக்கேல்லை மாமி, வேலை…"

"மேலை கொண்டுவந்து செய்யுங்கோ. கூப்பிட்டால் கேக்கிற தூரத்திலை செய்யுங்கோ."

பலகையோடு அழுத்தியைத் தூக்கிக்கொண்டு மேலே போனோம்.

பிள்ளை பெற்ற உடம்பில் குளிர் படக்கூடாது என்பது எங்கள் வீடுகளில் கேள்விக்கு இடமில்லாத விடயம். அம்மா வந்த அன்றே எல்லா அறைகளிலும் சோஃபாஜ் என்னும் சூடேற்றியைக் கடைசி இலக்கம்வரை திருகிவிட்டிருந்தா. சன்னல் இடுக்குகளில் துவாய் அடைத்திருந்தது. அக்கா காதை மூடித் துணி கட்டியிருந்தா. வீட்டுக்கு வந்துபோகும் தாதி, பிள்ளையின் அறைக்குப் பத்தொன்பது பாகை போதும் என்று சொன்னாளாம். அம்மா அவளுக்கு ஒரு வடையும் தேத்தண்ணியும் கொடுத்து, வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டு வந்து, சோஃபாஜைத் தடவிப் பார்த்தாவாம், இன்னும் திருக இடமிருக்கிறதா என்று.

வரவேற்பறை மேசையில் பலகையைப் பூட்டினோம். நான் ஸ்வெற்றரைக் கழற்றி எறிந்தேன். எண்ணெய்ப் போத்தலை மேசை ஓரத்தில் வைத்தேன். உள்ளே எண்ணெய் தண்ணீர்போல் தெளிந்திருந்தது. சுரண்டவேண்டியதில்லை, எவ்வளவு வசதி என்றுதான் எனக்குப் பட்டது. உள்ளங்கையில் ஊற்றி, கோதை உருட்டி, தள்ளு. அடுத்தது. அத்தான் பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு அறையைச் சுற்றி நடந்தார். நான் வேகம் பிடித்துவிட்டேன். இதை அவர் முடிக்கும் நேரத்தில் பாதியில் நான் முடிப்பேன் என்று காட்டுகிற வேகம்.

எட்டு முடிந்தபோது அவர் என் தோளுக்குப் பின்னால் நின்றார்.

"மச்சாள். லைட்டைப் போடு."

போட்டேன். வரிசையாக எட்டுக் கோது நின்றன. எட்டின் தோளிலும், ரொட்டி மாவில் யாரோ விரல் நுனியை வைத்து எடுத்ததுபோல், குழி.

பிள்ளை ஒரு ஏவறை விட்டது.

முப்பத்தாறில் எட்டுப் போனால் இருபத்தெட்டு. கணக்கு எனக்குத் தெரிந்தது, அவருக்கும் தெரிந்தது. அதைவிட என்னை எரித்தது வேறு. தேங்காய் எண்ணெய் இருபத்துநான்கு பாகையில் உருகும். இது எனக்குப் பாடசாலைக் காலத்திலிருந்து தெரியும். சோதித்தது நிலவறையில். வேலை செய்ததோ இட்லி அவிக்கிற இந்த அறையில். அங்கே உறைந்து மெல்லியதாகப் பரவியது, இங்கே ஓடித் தோளில் தேங்கியிருக்கிறது. நாங்கள் சோதித்த மசகும் பூசிய மசகும் ஒன்றே அல்ல.

"அம்மா, ஒரு மணித்தியாலத்துக்குச் சோஃபாஜைக் குறைக்கட்டோ?"

"தொட்டுப் பார்."

"சன்னலையாவது…"

"பிள்ளை, உனக்கு விசரோ?"

"அப்ப நாங்கள் கேவுக்கே போறம்."

"போ. நீ போ. அவர் இஞ்சை நிப்பார்."

அழுத்தியைத் தனியாகத் தூக்க எனக்கு ஏலாது என்பது அம்மாவுக்குத் தெரியும். உள்ளறையிலிருந்து அக்காவின் குரல் கேட்டது: "உங்கை என்ன பாராளுமன்றமே நடக்குது? இப்பதான் ஒரு கண் அயர்ந்தனான்!"

சமாதானம் சொல்ல உள்ளே போனேன். அக்கா கட்டிலில் தலையணையில் சாய்ந்திருந்தா. பக்கத்து மேசையில் தண்ணீர்ப் போத்தல், பிள்ளையின் துணி, ஒரு சின்னக் களிம்புக் குழாய். பால் கொடுக்கும் தாய்மாருக்கு முலைக்காம்பு வெடிக்காமல் பூசுவதற்குக் கொடுப்பது. நடந்ததை நான் சொல்லச் சொல்ல, அக்கா சிரித்துத் தையல் நோகுது, நிப்பாட்டு என்று கையைக் காட்டினா. நான் பேச்சை நிறுத்திவிட்டு, கையில் அகப்பட்ட குழாயை எடுத்துத் திருப்பினேன். எழுத்து இருந்தால் வாசித்துவிடுவது என் பழக்கம். ஒரேயொரு சொல்: லனோலின். நூற்றுக்கு நூறு.

ஓடிவந்து என் பையிலிருந்த ஸ்ப்ரே போத்தலை எடுத்தேன். லனோலின், மதுசாரம். அதேதான். பொறுமையில்லாமல் நான் பாழாக்கிவிட்டுக் குறை சொன்ன அதே சாமான், மதுசாரம் இல்லாமல், காத்திருக்கத் தேவையில்லாமல், அக்காவின் தலைமாட்டில் கிடந்திருக்கிறது. ஆட்டு உரோமத்திலிருந்து எடுக்கும் மெழுகு. உடம்புச் சூடு அளவுக்கு வந்தால்தான் உருகும். அம்மாவாலும் வீட்டை அந்தளவுக்குக் கொண்டுபோக ஏலாது.

"அக்கா, இதிலை கொஞ்சம் தாவன்."

"எடியே! என்ரை மனுசனை ஞாயிற்றுக்கிழமையளிலை எடுத்தாய். சாப்பாட்டு மேசையை எடுத்தாய். இப்ப இதுவும் வேணுமோ?"

"ஒரு பயறளவு காணும்."

"தொடாதை, கை கழுவேல்லை நீ" என்று, தானே ஒரு கரண்டியில் பிதுக்கித் தந்தா.

அம்மா வாசலில் மறித்தா. "உது பிள்ளையின்ரை வாயிலை படுற சாமான். உதைக் கொண்டுபோய்த் துவக்குக்கோ பூசப் போறாய்?"

"துவக்குக்கு இல்லை அம்மா, கோதுக்கு."

"ரெண்டும் ஒண்டுதான்." வழிவிட்டபடியே சொன்னா: "நாங்கள் சூட்டுக்குப் பயந்து கடல் தாண்டி வந்தனாங்கள். நீங்கள் காசு குடுத்துச் சுடப் போறியள்."

கோபமாகச் சொல்லவில்லை. சோறு குழைந்துவிட்டது என்பதுபோல் சொன்னா. அத்தான், "கடதாசிக்குத்தானே மாமி சுடுறம்" என்றார். "கடதாசிக்கு" என்று அம்மா ஒருதரம் திருப்பிச் சொல்லிப் பார்த்தா. பிறகு மேசையிலிருந்த தேங்காய் எண்ணெய்ப் போத்தலைத் துடைத்து எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போனா. தலைக்கு வைக்கிற சாமான் இனித் தலைக்கு மட்டும் என்பது அந்த நடையிலேயே தெரிந்தது.

லனோலின் மஞ்சளாக, பசைபோல் ஒட்டும். மெல்லிய ஆட்டு மணம். விரலில் ஒரு பொட்டு எடுத்துத் தேய்த்தால், கோதுக்குக் கோது புதிதாக எடுக்கவேண்டியதில்லை. அந்தக் கையே நாலைந்தை உருட்டப் போதும். இந்தமுறை கழிவுக் கோதுகளை அதே மேசையில், அதே வெக்கையில் வைத்துச் சோதித்தேன். பிறகு நல்லதில் ஒன்று. நெம்புகோல் இறங்கும்போது ஒரு கனம் இருந்தது. கவ்வுகிற கனமல்ல, கெட்டியான தயிரில் கரண்டி போகிற கனம். கோதை வெளியே எடுத்து விளக்குக்குக் காட்டித் திருப்பினேன். தோள் வழுவழுவென்று இருந்தது.

"மெதுவா" என்றார் அத்தான்.

மெதுவாகவே செய்தேன். இருபத்தெட்டும் நன்றாக வந்தன. ஒவ்வொன்றையும் துணியால் துடைத்து, எண்ணெய்ப்பசை ஒரு துளியும் இல்லையென்று பார்த்து, வெல்வெற்றில் வைத்தோம். கை ஒரு வேலையைப் பழகிக்கொண்டிருந்தது.

இன்னும் இரண்டு குறைந்தது. குழி விழுந்த எட்டையும் அத்தான் கடையிலிருந்து கொண்டுவந்த உருப்பெருக்கியின் கீழ் வைத்தார். மூன்றில் குழி மடிந்து கூராக இருந்தது. அவை வேண்டாம் என்று ஒதுக்கினார். மற்ற ஐந்திலும் ஆழமில்லை, விளிம்பு மென்மையாக இருந்தது. ஆழமில்லாத எண்ணெய்க் குழியை அடுத்த சூடு அறைச் சுவரோடு அமுக்கி நிமிர்த்திவிடும் என்று மன்றத்தில் எல்லோரும் சொல்லியிருந்தார்கள். ஒரு விடயத்தில் அவர்கள் எல்லோரும் ஒத்துப்போனதை நான் கண்டது அதில் மட்டும்தான்.

"சனிக்கிழமை போய்ச் சுட்டுப் பார்ப்பம்" என்றேன். அத்தான் உள்ளறைப் பக்கம் பார்த்தார்.

"போட்டு வாங்கோ" என்றா அக்கா உள்ளிருந்து. "இஞ்சை நிண்டு நீங்கள் ஆறுதரம் பிள்ளையின்ரை மூச்சைச் சரிபார்க்கிறியள். பிள்ளைக்கே அலுப்படிக்குது."

போகும் வழியில் ஃபார்மசிக்குள் நுழைந்து எனக்கென்று ஒரு குழாய் வாங்கினேன். அக்காவின் கரண்டிப் பிச்சையில் போட்டிக்குப் போகமுடியாதல்லவா. காசாளர் பெண் குழாயைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், எனக்குப் பின்னால் நீளப் பையோடு நின்ற அத்தானைப் பார்த்தாள். முகம் மலர்ந்து, வாழ்த்துகள், ஆணா பெண்ணா என்றாள். பெண் என்றேன். நன்றாகப் பால் குடிக்கிறாளா? ஓம், நன்றாகக் குடிக்கிறாள். ஒரு சொல்லும் பொய்யில்லை. அத்தான் மட்டும் காது சிவந்து, "இவள் மனைவியின் தங்கை" என்று பிரெஞ்சில் விளங்கப்படுத்தத் தொடங்கினார். அந்தப் பெண்ணின் முகம் போன போக்கைப் பார்த்து நான் அவரை வெளியே இழுத்துக்கொண்டு வந்தேன்.

கிளப்பில் ஐந்தையும் நிரப்பினோம். முதலாவதைச் சுட்டதும் நான் இலக்கைப் பார்க்கவில்லை. பூட்டைப் பின்னால் இழுத்து, வெளியே வந்து விழுந்த கோதைச் சூட்டோடு கையில் எடுத்தேன். விரலால் தோளைச் சுற்றித் தடவினேன். எங்கே குழி இருந்தது என்று தேடவேண்டியிருந்தது. கிடைக்கவில்லை. அத்தான் வாங்கிக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துத் திருப்பினார். வெறும் "ம்" என்றார். கைபேசி ஒன்று உயிர் பெற்று ஒளிரும்போதும் அவர் இதே "ம்" தான் சொல்வார். ஐந்தும் நிமிர்ந்து வந்தன. அங்கேயே கழுவி, லனோலின் பூசி, கிளப் அழுத்தியில் மறுபடி நெரித்தோம். இருபத்தெட்டோடு சேர்த்து முப்பத்துமூன்று, எல்லாவற்றையும் அங்கேயே நிரப்பினோம்.

ஞாயிறு நான் போட்டியில் சுட்டேன். முதல் சில சூடுகள் கடதாசியில் எங்கெங்கோ போயின, பிறகு மூச்சு ஒழுங்குக்கு வந்தது. அத்தனை கோதும் இலகுவாக உள்ளே போய் இலகுவாக வெளியே வந்தன. பக்கத்து மேசைக்காரர் ஒருவர் கோது ரைபிளுக்குள் சிக்கி, கம்பியால் தட்டிக்கொண்டிருந்தார். நீங்கள் என்ன மசகு பாவிக்கிறீர்கள் என்று கேட்டார். குழாயைக் காட்டினேன். அதன் அட்டையில் தாயும் சேயும் இருந்த படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, தன் மனைவியிடம் காட்டவேண்டும், கைபேசியில் படம் எடுக்கலாமா என்றார். எங்கள் அணி நடுவில் எங்கோ வந்தது. எனக்கு முன்னால் பலர், எனக்குப் பின்னாலும் பலர்.

வீட்டுக்கு வந்தபோது அத்தான் கதவடியில் நின்றார். எத்தனை புள்ளி என்று கேட்கவில்லை. பெட்டியைக் கையை நீட்டி வாங்கி, மேசையில் வைத்துத் திறந்து, ஒவ்வொன்றாக எண்ணினார். எண்ணி முடித்துத்தான் கதிரையில் இருந்தார்.

"குழி விழுந்து நிமிர்ந்தது எதெது?" என்றார்.

நான் குனிந்து பார்த்தேன். ஊகத்தில் மூன்றை எடுத்துக் காட்டினேன். அத்தான் உருப்பெருக்கியில் பார்த்து, மூன்றும் பிழை என்றார். அப்படியென்றால் சரியானவை எவை என்று கேட்டேன், அது அவருக்கும் தெரியவில்லை.

அம்மா குசினியிலிருந்து எட்டிப் பார்த்தா. "ஆரும் ஆரையும் சுடேல்லைத்தானே?"

"இல்லை அம்மா. கடதாசிக்குத்தான்."

"அப்ப கையைக் கழுவிப்போட்டு வந்து பிள்ளையைப் பிடி. உன்ரை அக்கா சாப்பிடோணும்."

சவர்க்காரம் போட்டு இரண்டு தரம் கழுவினேன். பிள்ளையை வாங்கித் தோளில் போட்டதும் அது என் விரலைப் பிடித்து வாய்க்குக் கொண்டுபோகப் பார்த்தது. வீடு அடுப்புப்போல் இருந்தது. கையில் அந்த ஆட்டு மணம் இன்னும் கொஞ்சம் இருந்தது. பிள்ளைக்கு அது தாயின் மணம், பழக்கப்பட்டது. அப்படியே நித்திரையாகிவிட்டது.